இருபத்து மூன்றாம் அதிகாரம்

தென்மாவட்டத்து சிஎஸ்ஐ சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பெயர் குருமனை. பெரும்பாலும் கோயிலை ஒட்டியே இருக்கும். முற்றத்தில் ஒரு வேப்பமரமும், ஐயரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்க முன்னறையில் ஒரு பெஞ்சும் அநேகமாக உண்டு. வீடு சபையின் சொத்து. சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுதல் உத்தரவு வரும். அடுத்த ஐயர் வருவதற்குள் காலி செய்துவிட்டுக் கிளம்பவேண்டும்.

என் பெரியப்பா இப்படி 34 வருஷத்தில் ஒன்பது குருமனைகளில் இருந்திருக்கிறார். பெரியம்மாவுக்கு வருஷக் கணக்கே கிடையாது, எல்லாம் குருமனைக் கணக்குதான். “உங்க அம்மைக்குக் கல்யாணம் ஆனது நாங்க மூணாவது குருமனையில இருக்கும்போது” என்பார். ஒவ்வொன்றிலும் போன முதல் வாரமே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு முருங்கைப் போத்தும் நட்டுவிடுவார். முருங்கையாவது சீக்கிரம் காய்க்கும். கறிவேப்பிலை தழைத்து வரும்போது உத்தரவு வந்திருக்கும். அவர் நட்டதை அடுத்த ஐயரம்மாக்கள் பறித்தார்கள், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் நட்டதை அவர் பறித்தார்.

பெரியப்பா ஓய்வுபெற்றபோது சொந்த வீடு என்று ஒன்று இல்லை. கையில் இருந்ததெல்லாம் அண்ணனின் இன்ஜினியரிங் படிப்புக்குப் போனது. அண்ணன் சென்னைக்குக் கூப்பிட்டான், இவர்கள் மறுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்தாயிற்று. மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்ற அண்ணன் சென்னையிலிருந்தும் நான் மதுரையிலிருந்தும் வந்து சேர்ந்தோம். சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில், செம்மண் தேரியை ஒட்டிய கிராமம் அது. ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் ஒரு குடும்பம் எதைச் சேர்த்திருக்கிறது என்பது தெரிகிறது. பெரியப்பா வீட்டில் பதினொரு சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் பிரிவுபசாரக் கூட்டங்களில் சபைகள் கொடுத்தவை. இரண்டுதான் ஓடின. பொன்னாடைகள் ஒரு மூட்டை, வேதாகம விளக்கவுரைகள் பதினாறு அட்டைப் பெட்டி. ஆட்டுக்கல், உரல், பாதி கருப்பட்டியோடு ஒரு பானை. பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் முப்பத்து நான்கு வாக்குத்தத்த அட்டைகள்.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அது என்று நம்பிக்கை. பலர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். பெரியம்மா வருஷத்துக்கு ஒன்றாக டப்பாவில் சேர்த்திருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

“இதுல வீடு தாரேன், நெலம் தாரேன்னு எத்தனை கார்டுல போட்டிருக்கு பாத்தியால? ஆறு.”

என்னிடம்தான் சொன்னான். ஆனால் அடுத்த அறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. அவர் பதில் சொல்லவில்லை. பெரியம்மா வந்து டப்பாவை வாங்கி மூடிக்கொண்டு போனார்.

அண்ணன் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. கடவுள் உண்டா இல்லையா என்று அவன் யாரிடமும் வாதாடியது கிடையாது. கணக்கு உதைக்கிறது என்பதுதான் அவன் கட்சி. ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஒரு இடத்துக்காக உழைத்தால் கடைசியில் நிற்க ஒரு சென்ட் நிலமாவது இருக்கவேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித் தரும் பதில் எதுவும் எனக்கும் போதுமானதாகத் தோன்றியதில்லை.

எட்டரைக்கு இரண்டு குட்டியானை வந்தன. எதை எதில் ஏற்றுவது என்று வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கும் டிரைவர்களுக்கும் சத்தம். பெரியப்பா உரலைத் தூக்கக் குனிந்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

“சரிதாம்ல” என்று நிமிர்ந்து சிரித்தார். “மோசே சட்டப்படி லேவியனுக்கு அம்பது வயசோட சுமை எறக்கியாச்சு. அதுக்கு மேல காவல் மட்டுந்தான்.” வேப்பமர நிழலில் நாற்காலி போட்டுச் சாமான்களுக்குக் காவல் உட்கார்ந்துகொண்டார்.

வேதாகமத்தில் பலரும் தாண்டிப் போகும் புத்தகம் எண்ணாகமம். பெயர்ப் பட்டியல், தலைக்கணக்கு, அளவு என்று போய்க்கொண்டே இருக்கும். பெரியப்பாவுக்கு அது பிடித்த புத்தகம். அது வீடு மாற்றுகிறவர்களின் புத்தகம் என்பார். உண்மைதான். வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைக் கழற்றி, மூட்டை கட்டி, அடுத்த இடத்தில் மறுபடி நிறுத்த யார் யார் எதைத் தூக்கவேண்டும் என்று அதில் விவரமாக இருக்கிறது. ஆறு வண்டிகள், பன்னிரண்டு மாடுகள். திரைகளையும் தொங்கல்களையும் சுமக்கிற கெர்சோன் வம்சத்துக்கு இரண்டு வண்டி. பலகை, தூண், பாதம், முளை, கயிறு என்று கனத்த சாமான் மெராரி வம்சத்துக்கு. அவர்களுக்கு நான்கு வண்டி. முளைக்குச்சிகூடப் பெயர் சொல்லி எண்ணி ஒப்படைக்கப்படுகிறது. மூன்றாவது வம்சமான கோகாத்துக்கு ஒரு வண்டியும் இல்லை. பெட்டி, மேஜை, விளக்குத்தண்டு ஆகிய பரிசுத்தமானவை அவர்கள் பொறுப்பு. அவற்றைத் தோளில்தான் சுமக்கவேண்டும்.

“ஏன் பெரியப்பா, அவங்களுக்கும் ஒரு வண்டி குடுத்தா என்ன?”

“சிலது வண்டில ஏத்துற சாமான் இல்லல. ஆள்தான் சுமக்கணும்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்க வளையங்களில் இரண்டு தண்டுகள் கோத்திருக்கும். பெட்டியை இறக்கி வைத்த பிறகும் அந்தத் தண்டுகளைக் கழற்றக்கூடாது என்பது கட்டளை. சாலொமோன் கல்லால் ஆலயம் கட்டி, பெட்டியை உள்ளறையில் நிரந்தரமாக வைத்த பிறகும் தண்டுகளின் முனை அதற்கு முன்னால் இருந்த பரிசுத்த ஸ்தலத்தில் தெரிந்தது என்று எழுதியிருக்கிறது. “ஊரே கட்டி உக்காந்த பொறவும் கெளம்பத் தயாரா இருக்காரு பாரு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. கடவுளும் தன்னைப்போல மாறுதலில் போகிற ஆள் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அண்ணன் கட்டிலைக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பதினொரு மணிக்கு வண்டிகள் கிளம்பின. பெரியம்மா கடைசியாக வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் கோயில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணனிடம் ஒரே ஒரு காரியம் கேட்டார்.

“போற வழில பாப்பாவப் பாத்துட்டுப் போவோமாய்யா?”

அண்ணனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். இரண்டு வயது. காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். அப்போது அவர்கள் இருந்த சேகரம் ஸ்ரீவைகுண்டத்துக்கும் கருங்குளத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாலு மாதம் கழித்து மாறுதல் உத்தரவு வந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெரியப்பா யாரிடமும் கேட்கவில்லை. உத்தரவு வந்தது, கிளம்பினார். பிரிவுபசார ஆராதனையில், ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்படுகிற ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் பிரசங்கம் செய்தார். எல்லா ஊரிலிருந்தும் கிளம்பும்போது அவர் செய்கிற பிரசங்கம்தான் அது.

அண்ணனுக்கு இது ஆறவில்லை. அந்த வருஷம் புதுப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனை ‘பரதேசி’ என்று கேலி செய்திருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தவனைப் பெரியப்பா மடியில் வைத்து, அது வேதாகமத்தில் நல்ல வார்த்தை, விசுவாசிகளுக்குப் பெயரே அதுதான், இந்த உலகத்தில் நாம் வழிப்போக்கர்கள் என்று சொல்லிக்கொடுத்தாராம். தமிழ் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது, தெருவில் அது வசவாக ஆகிவிட்டது. “தங்கச்சியப் பொதச்சிட்டு வந்த பையன்கிட்ட சொல்லுற பாடமாடா அது?” என்று அண்ணன் என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறான்.

கார் தேரியைக் கடந்தது. அந்தப் பக்கத்துப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். மெஞ்ஞானபுரம், நாசரேத், சற்றுத் தள்ளி முதலூர். கிறிஸ்தவர்களானதற்காகச் சொந்த ஊரில் இருக்கமுடியாமல் போனவர்களுக்காக 1799இல் டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் முதலூர். அப்படி உண்டான முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். எங்கள் முன்னோர்களும் மூட்டையோடு வந்தவர்கள்தான். ஆனால் வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை நிலம் வாங்கியது. பெரியப்பாவின் பரதேசிப் பிரசங்கங்களில் இந்தப் பாதி வந்ததில்லை என்பது அன்றைக்கு அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி உள்ளே திரும்பினோம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் சின்னக் கோயில். பின்னால் கல்லறைத் தோட்டம், புதிதாகச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வைத்த மரச்சிலுவை கரையான் அரித்து எப்போதோ போய்விட்டது. இரண்டு பெரிய சிமென்ட் கல்லறைகளுக்கு நடுவில் மண்மேடுகூட இல்லாமல் தரை சமமாக இருந்தது. வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே போனார் பெரியம்மா. ஒரு இடத்தில் நின்று, சந்தேகப்பட்டு, திரும்ப வாசலுக்கு வந்து மறுபடி எண்ணினார். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். அண்ணனும் குனிந்து பிடுங்கினான்.

பெரியப்பா வேலியோரமே நின்றுவிட்டார். ஜெபம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஆயிரக்கணக்கான அடக்க ஆராதனை நடத்திய மனுஷன், அவருக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஆதியாகமம் 23 வாசிச்சிருக்கியால?”

சாராள் 127 வயதில் சாகிறாள். தேசம் முழுவதும் உனக்கு என்று ஆபிரகாமுக்கு வாக்கு கிடைத்து, ஊரைவிட்டுக் கிளம்பி 62 வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் மனைவியைப் புதைக்க ஆறடி நிலம் கிடையாது. ஊர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, நான் ஒரு பரதேசி, எனக்கு ஒரு கல்லறை நிலம் விலைக்குத் தாருங்கள் என்று கேட்கிறார். நிலத்துக்காரன் எப்பெரோன் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. 400 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகள் முன்னால் நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். நிலம், குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று நம் ஊர்ப் பத்திரத்தில் மாவடை மரவடை உட்பட என்று எழுதுவதுபோல எல்லாம் சொல்லப்படுகிறது. வாக்குத்தத்த தேசத்தில் அவர் காசு கொடுத்து வாங்கிய இடம் அந்தக் கல்லறை நிலம்தான்.

“அந்த அதிகாரத்துல நான் ஒரு பிரசங்கமும் பண்ணினதில்ல” என்றார் பெரியப்பா. “பரதேசிங்கிற வார்த்தைய எத்தனை தடவ சொல்லிருப்பேன். ஆனா அவரு அந்த வார்த்தையச் சொன்னது எங்க வச்சு? செத்தவளப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எனக்கு இடம் வேணும்னு கேக்கும்போது. நான் கேக்கலயே. ஒரு வருஷம் இருக்கேன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க.”

இதை அவர் என்னிடம்தான் சொன்னார். ஆனால் பத்தடி தூரத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி. அண்ணன் நிமிரவில்லை. கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

விசுவாசம் என்றால் விட்டுவிட்டுப் போகத் தெரிவது என்றுதான் நான் கேட்டு வளர்ந்தேன். அது உண்மை, ஆனால் பாதிதான். போகத் தெரிந்த அதே மனுஷன் அழவும், பேரம் பேசவும், ஒரு துண்டு மண்ணை என்னுடையது என்று சொல்லவும் தெரிந்தவனாக இருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஊருக்குப் போகிறோம் என்று நம்புகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மண்மீது பாசம் இருக்கக்கூடாது என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. நாங்களாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

பாளையங்கோட்டையில் சாமான் இறக்கி முடிக்க இரவு ஒன்பதானது. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் பதினொரு கடிகாரமும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஞாயிறு காலையில் ஊசிக் கோபுரத்துக்குப் போனோம். 1826இல் கட்டிய கோயில். பெரியப்பா அங்கியில்லாமல், வெள்ளைச் சட்டையில், பெஞ்சின் ஓரத்தில் யாரோ போல உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் நீண்டபோது இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் உள்ளே வரவில்லை. வெளியே மரத்தடியில் நின்றான். ஆனால் ஆராதனை முடியும்வரை நின்றான்.

சாயங்காலம் அவனுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். காப்பி குடிக்கும்போது, பாப்பாவுக்கு ஒரு கல் வைக்கவேண்டும், விசாரித்துவிட்டேன், பணம் நான் போட்டுவிடுகிறேன் என்றான்.

“அதெல்லாம் வேண்டாம். நாந்தான் குடுப்பேன்” என்றார் பெரியப்பா.

“உங்க பென்ஷன்லயா? சும்மா இருங்கப்பா.”

“சும்மா தாரேன்னு எப்பெரோனுந்தான் சொன்னான்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “அப்போ நானூறு சேக்கல் எடுங்க” என்றான்.

“ஆளுக்குப் பாதி போடுங்க, வண்டிக்கு நேரமாச்சு” என்றார் பெரியம்மா.

கல்லில் என்ன எழுதவேண்டும் என்று அண்ணன் போனை எடுத்துக் கேட்டான். வசனம் எதுவும் வேண்டாம், பெயரும் தேதியும் போதும் என்றார் பெரியப்பா. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பெரியம்மா பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டையும் மாதம் வருஷத்தோடு சொன்னார். குருமனைக் கணக்கில் சொல்லவில்லை.