சிறுதேர் தேடி

விளையாட்டுப் பொருள் என்றதும், அது சிறு பிள்ளைகள் சமாசாரம், பெரியோர் கவனத்துக்கு உரியதன்று என ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். உலகத்து வணிகர் அவ்வாறு எண்ணுவதில்லை. ஜெர்மனி தேசத்து நியூரம்பேர்க் நகரில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய விளையாட்டுப் பொருட் சந்தை இன்றளவும் நடைபெற்று வருகிறது. பல தேசத்து வியாபாரிகள் அங்கே கூடுகிறார்கள். பொம்மைக் கரடியையும் மரக் குதிரையையும் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். விலை பேசிக் கொள்முதல் செய்கிறார்கள். நம் ஊர்க் குழந்தை வரும் வருஷத்தில் எதை வைத்து விளையாடும் என்பதும் ஓரளவுக்கு அத்தகைய மண்டபங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நியூரம்பேர்க்குக்குப் போக எனக்கு வசதியில்லை. ஆயினும் அந்த வியாபாரிகளின் வேலை ஒருமுறை எனக்கும் வாய்த்தது. மாத்தளைப் பகுதித் தோட்டம் ஒன்றில் நடக்கும் பாலர் பாடசாலைக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்கித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் 23 பேர்; வயது மூன்றும் நான்கும். கையிலிருந்த பணமோ சொற்பம். “கடையில் கிடைக்கிறதை அப்படியே வாங்கி வந்திடாதீங்க ஐயா. பிள்ளைகள் தாங்களாகவே யோசிச்சு விளையாடுகிற மாதிரி ஏதாவது பாருங்க” என்று ஆசிரியை சொல்லியனுப்பினார்.

மாத்தளையில் விளையாட்டுப் பொருட்களெல்லாம் ஓரிடத்தில் ஒருங்கே பரப்பி வைக்கப்படும் காலம் ஒன்று வருஷத்தில் உண்டு. அது ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் திருவிழாக் காலம். பஞ்சரதங்கள் வீதிவலம் வரும் அந்த நாளில், மலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நகரத்துக்கு இறங்கி வருவார்கள். இந்த நகரத்துக்கும் தோட்டத் தமிழ் மக்களுக்கும் உள்ள உறவு பழையது. கோப்பிப் பயிர் செழித்த 19ஆம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுப் பாதையிலே தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டவர் அநேகர். எஞ்சியவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக நின்ற ஊர் இது. அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள்தான் இன்று தகப்பன் தோளிலிருந்து தேர் பார்க்கிறார்கள். தேர் கடந்ததும் பொம்மைக் கடையின் பக்கம் கையை நீட்டுகிறார்கள்.

வீதியின் இருமருங்கும் இருந்த கடைகளை ஒரு பரிசோதகரைப் போலச் சுற்றி வந்தேன். பிளாஸ்டிக் துப்பாக்கியில் மாத்திரம் பன்னிரண்டு வகை எண்ணினேன். விசையை அழுத்தினால் விளக்கு எரிந்து சத்தமிடும் மோட்டார் வண்டிகள், தலையைச் சீவினால் பாட்டுப் பாடும் பொம்மைகள், பறக்கும் மீன்கள், பலூன்கள். குழந்தையை அரை நிமிஷத்தில் மயக்கும் வல்லமை அவற்றுக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளிடத்தும் நான் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: மின்கலம் தீர்ந்த மறுநாள் இதனால் குழந்தை என்ன செய்யும்? பெரும்பாலானவற்றுக்கு விடையில்லை.

கடைசி வரிசையில், தரையிலே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் விடை இருந்தது. மூங்கிற் குச்சி, களிமண் சில்லுகள், கடதாசி ஒட்டிய சிறு மண் பறை. கயிற்றைப் பிடித்து இழுத்தால் இரண்டு ஈர்க்குக் குச்சிகள் ‘டக டக’வென்று பறையைத் தட்டிக்கொண்டு வரும் வண்டி. அச்சிலே முறுக்கிய நூலும், சில்லோடு சுழன்று குச்சியைத் தூக்கிவிடும் ஒரு சிறு கட்டையுமே அதன் இயந்திரம் முழுவதும். மெதுவாக நடந்தால் மெதுவாகத் தட்டும். ஓடினால் விரைந்து தட்டும். தாளத்தின் சூத்திரம் குழந்தையின் காலில் இருக்கிறது.

“இதை நீங்களே செய்கிறதா?” என்று கேட்டேன்.

“நான்தான் செய்கிறதுங்க ஐயா. எனக்குப் பிறகு யார் செய்கிறது? நாளைக்கு நாலு விற்றால் பெரிசு. இதில பேட்டரி எங்கேன்னு கேட்கிறாங்க, பிள்ளைகள் இல்லை, பெரியவங்க!” என்று சிரித்தார்.

இரண்டு வண்டிகளை வாங்கிக்கொண்டேன். தமிழறிந்தவர்களுக்கு அந்த வண்டி பழைய உறவு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் குழந்தையின் பருவங்களை வகுத்தபோது, சிறுபறை முழக்குதலையும் சிறுதேர் உருட்டுதலையும் கடைசியில் அடுத்தடுத்து வைத்தார்கள். அவ்விரண்டையும் ஒரே அச்சிற் கோத்திருக்கிறார் அந்த முதியவர். அதற்கும் முந்திய பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடும் மூன்று சில்லுச் சிறுதேர் வருகிறது. அந்தத் தேரில் குதிரை இல்லாததுதான் அதன் சிறப்பு எனக் கருதுகிறேன். இல்லாத குதிரையைப் பிள்ளை தன் மனத்திலே பூட்டிக்கொள்கிறது.

இதே உண்மையைத்தான் மேனாட்டாரும் வேறு வழியிற் கண்டார்கள். 1837ஆம் ஆண்டில் பாலர் கல்விக்கு வித்திட்ட ஃபுரோபெல் என்னும் ஜெர்மானியப் பேராசான் குழந்தைகளுக்குக் கொடுத்தவை நூற்பந்துகளும், மரத்தாலான உருண்டையும், கனசதுரமும், உருளையுமே. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற கிராமத்துத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன், தொழில் நலிந்த 1932ஆம் ஆண்டில், மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தலைப்பட்டார். அந்தப் பட்டறையே பிற்காலத்தில் லெகோ நிறுவனமாயிற்று. 1958ஆம் ஆண்டு அது காப்புரிமை கோரிய கட்டையிலே எட்டுக் குமிழ்களன்றி வேறெந்த அலங்காரமும் இல்லை; ஆயினும் ஒரே நிறமான ஆறு கட்டைகளை 91 கோடிக்கு மேற்பட்ட விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொருள் தன் வேலையைக் குறைத்துக்கொண்ட அளவுக்குப் பிள்ளையின் வேலை பெருகுகிறது. புதுமையான வடிவமைப்பு என்று நாம் தேட வேண்டியது இந்தக் குறைவைத்தான்.

சிறுதேர் என்ற எண்ணம் கிடைத்தது. ஆனால் களிமண் சில்லு 23 பிள்ளைகளின் கையில் ஒரு வாரம் தாங்காது. உறுதியான சில்லு யார் செய்வார்? கிராமத்துத் தச்சரிடமிருந்து லெகோ பிறந்ததென்றால், நம் மாவட்டத்துக் கைவினைஞரிடம் என்ன இருக்கிறதென்று பார்ப்போமே எனத் தோன்றியது. மாத்தளை மாவட்டத்துப் பல்லே ஹப்புவிட என்ற கிராமத்துக்குப் போனேன்.

கடைசல் மரத்தில் அரக்குப் பூசும் தொழிலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்ற சிங்களக் கிராமம் அது. அரக்கு என்பது மரக் கிளைகளில் வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசின். அதை உருக்கி, இழுத்து, கல்லின்மேல் வைத்துப் பலமுறை அடித்து, நிறம் சேர்த்துக் குச்சியாக்குகிறார்கள். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது அந்தக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டிலே அரக்கு இளகி மரத்தின்மேல் படிகிறது. பின்பு ஓலை நறுக்கினால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடிபோல் மினுங்குகிறது. அதனினும் அரிய வேலை ஒன்று உண்டு. இளகிய அரக்கை நூலாக இழுத்து, சூடேற்றிய பொருளின்மேல் பூவும் கொடியுமாகப் பதித்து, பெருவிரல் நகத்தினாலேயே நறுக்குகிறார்கள். ‘நியபொது வெட’, அதாவது நகவேலை, என்பது அதன் பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்ற நிறங்கள் அந்த நூல்களிலே பின்னிக் கிடக்கும் அழகை நேரிற் காண வேண்டும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடித் திரிந்த கால்களாலேயே கைவினைஞர் குடிசைகளையும் தேடிச் சென்றார். அவர் 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் இந்த அரக்கு வேலைக்கும் இடமளித்தார்.

நான் சென்ற பட்டறையில் பூச்சாடிகள், சாம்பற் கிண்ணங்கள், நகைப் பெட்டிகள், கைத்தடிகள் எல்லாம் இருந்தன. குழந்தைக்குரிய பொருள் ஒன்றேனும் இல்லை. அதைச் சொன்னேன்.

“மஹத்தயா, வருகிற வெள்ளைக்காரர் பூச்சாடி கேட்கிறார், செய்கிறோம். பிள்ளைகள் இந்த வழியே வந்து எங்களிடம் எதுவும் கேட்பதில்லையே!” என்று சிங்களத்திலே பதில் வந்தது.

அவருடைய மகன் இந்தத் தொழிலில் இல்லையா என்று விசாரித்தேன். “அவன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அன்றாடம் காசு வருகிறது” என்றார். மூன்று சில்லுத் தேர் தேடிப் போன எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

மூன்று சில்லும் ஒரு பலகையும் கொண்ட சிறுதேர் ஒன்றைக் கடதாசியில் வரைந்து காட்டினேன். சில்லுகளைப் பிள்ளைகளே கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விழுங்க முடியாத பருமனில் இருக்க வேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என் படத்திலிருந்த ஆணியை அடித்துவிட்டு மரமுளை ஒன்றை வரைந்தார். “ஆணி துருப்பிடிக்கும், பிள்ளையின் கையைக் கிழிக்கும். முளை போதும்” என்றார். அந்த ஒரு கோட்டிலே நாற்பது வருஷக் கைப்பழக்கம் தெரிந்தது.

அடுத்து நிறத்தைப் பற்றிய விவாதம் எழுந்தது. இதைப் பெற்றோர் கவனமாக அறிந்துகொள்ள வேண்டும். பண்டைக் கைவினைஞர் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்த்தார்கள். முன்னது பாதரசமும் பின்னது பாஷாணமும் அடங்கிய சரக்கு. ஈட்டிக் காம்புக்கும் ஏட்டுச் சுவடிப் பலகைக்கும் அதனால் கேடில்லை. எதையும் வாயில் வைக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகாது. இக்காலத்துக் கடைச் சாயமும் விசாரித்தே வாங்கத் தக்கது. நிறம் சேராத சுத்த அரக்கோ தீங்கற்றது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகவே அதை உபயோகிக்கிறார்கள்.

இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. ஆந்திரத்தில் வராக நதிக் கரையிலுள்ள ஏட்டிக்கொப்பாக்கா என்ற ஊரில் இதே கடைசல், இதே அரக்குக் கொண்டு விளையாட்டுப் பொருட்கள் செய்கிறார்கள். அங்கு சி. வி. ராஜு என்பவர் இரசாயனச் சாயங்களை விலக்கி, வேர், விதை, இலை முதலியவற்றிலிருந்து நிறமெடுக்கும் முறையை மீண்டும் நிலைநாட்டினார். 2017இல் அவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் ராஜு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கர்நாடகத்துச் சன்னபட்டணமும் இத்தொழிலாலேயே பொம்மைகளின் ஊராகப் பேர்பெற்றது. வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்த நமது மாத்தளையில் மஞ்சளுக்கா பஞ்சம்?

“மஞ்சள் வெயிலில் வெளிறிவிடும், மஹத்தயா” என்று அவர் தடுத்தார். அது உண்மைதான். “வெளிறட்டும்; மறுபடி பூசித் தாருங்கள்” என்றேன். மூன்று சில்லுகளுள் ஒன்றுக்கு மஞ்சளும், ஏனையவற்றுக்கு நிறமில்லா அரக்கும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு தேர்கள், ஒன்றின் விலை திருவிழாக் கடையின் பிளாஸ்டிக் வண்டி மூன்றின் விலை. கையிலிருந்த பணம் அத்தோடு சரி.

தேர்கள் பாலர் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் நாள் ஒரு சிறுமி சில்லுகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரொட்டி விற்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் ஐந்து தேர்களை வரிசையாக நிறுத்தி, கொழுந்துக் கூடை கட்டும் கயிற்றால் இணைத்து, பஞ்சரத பவனி நடந்தது. பழைய பேணி ஒன்று பறையாயிற்று. இதில் ஒன்றையும் நான் வரைந்த படத்திலே சேர்க்கவில்லை.

செய்தியைக் கைவினைஞரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “சில்லை இன்னும் கொஞ்சம் தட்டையாகக் கடையலாம்” என்றார். பின்பு, “நூறு வண்டிக்கு யாராவது கேட்டால் மகனையும் பட்டறைக்குக் கூப்பிடலாம்” என்றார்.

வாசக அன்பர்களே, கைத்திறன் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குத் துணைநிற்க 1982ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் ஏற்பட்டன. கிராமத்துக் கைகளோடு புது வடிவம் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கும் இங்கேயே சான்றுண்டு. ஜெப்ரி பாவா பெந்தோட்டையில் அமைத்த விடுதியின் விதானத்துக்குப் பத்திக் துணி தீட்டிய ஏனா த சில்வா அம்மையார் (1922–2015), தம் சொந்த ஊரான அலுவிகாரையிலே கிராமப் பெண்களைக் கொண்டு அத்தகைய கைவேலைகளை நடத்திக் காட்டியவர்.

குறைவது, பிள்ளை கேட்பதைக் கைவினைஞர் செவியிற் சேர்ப்பவர்களே. சித்திரமும் மரவேலையும் பயிலும் மாணவர்கள், தம்பி தங்கையர் விளையாடுவதை ஒரு மணி நேரம் அருகிருந்து பார்த்து, கண்டதை ஒரு கடதாசியில் வரைந்துகொண்டு ஹப்புவிடவுக்குப் போகலாம். பெற்றோர்கள் வருஷத்தில் மூன்று பிளாஸ்டிக் வண்டி வாங்கும் பணத்தில் ஒரு மரத்தேர் வாங்கலாம். நூறு தேர் என்பது பெருந்தொகை அன்று. நூறு குடும்பங்கள் ஒவ்வொன்று கேட்டால் போதும்.