மூச்சை இழுத்துப் பிடிங்க

எங்கள் துறைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "மேடம், எங்கள எம்.ஆர்.ஐ.க்கு எப்பப் போடுவீங்க?" அவர்கள்மேல் தப்பில்லை. அந்த அறை குளுகுளுவென்று இருக்கும், கூட்டம் குறைவு. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. அனுபவம் எத்தனை வருடம் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அவர்களை நெஞ்சுப் படம் எடுக்கும் அறைக்கு அனுப்புவேன். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை அதைவிட நெரிசலான அறை இருக்க முடியாது. அங்கே ஆறு மாதமாவது நிற்காதவரை வேறு எந்தக் கருவியிலும் தனியாக விடமாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

நெஞ்சுப் படம் எளிது என்று பாடப்புத்தகத்தைப் படித்தால் தோன்றும். ஆறடி தூரம், நெஞ்சு பலகையில் ஒட்டியிருக்க, கதிர் முதுகு வழியாக நுழைய வேண்டும். தூரம் குறைந்தால் இதயத்தின் நிழல் பெரிதாக விழும். கைகளை இடுப்பில் ஊன்றித் தோள்களை முன்னால் தள்ளினால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மூச்சுதான் வராது. முழு மூச்சு இழுத்திருந்தால் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் பத்தாவது எண்ண வர வேண்டும். எட்டோடு நின்றால் நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாகத் தெரியும், இதயம் பருத்துத் தெரியும். வெளிநோயாளிகள் கூட்டத்தில் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கும் இளம் மருத்துவர் அதை நிமோனியா என்று எழுத வாய்ப்பு உண்டு. அந்தச் சீட்டோடு ஒரு மனிதர் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொள்வார்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கத்தினால் பாதிப்பேர் தோளைத் தூக்குவார்கள். சிலர் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். காது மந்தமான பாட்டி சரியாகப் பொத்தானை அழுத்தும் நேரத்தில் "என்ன தாயி?" என்று திரும்பிப் பார்ப்பார். அதனால் படம் எடுப்பதற்கு முன்பே பக்கத்தில் நின்று, நான் மூச்சை இழுத்துக் காட்டி, அவரையும் ஒருமுறை இழுக்கச் சொல்லி ஒத்திகை பார்த்துவிடுவேன். உண்மையான படத்தை இரண்டாவது மூச்சில் எடுக்க வேண்டும். முதல் மூச்சைவிட அது எப்போதும் ஆழமாக வரும். இருமுகிறவரை அவசரப்படுத்தினால் இன்னும் இருமுவார். அவர் இருமி முடிக்கும்வரை அந்தப் பக்கம் வரிசை முனகட்டும்.

அடுத்தது நகை. உலகத்தில் மனித உடலை எடுத்த முதல் எக்ஸ்ரே படங்களில் ஒன்றிலேயே நகை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். 1895 நவம்பர் 8-ஆம் தேதி வூர்ஸ்பர்க் நகரில் கதிரைக் கண்டுபிடித்த ரோண்ட்கன், அந்த டிசம்பரில் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரலில் மோதிரம் அப்படியே கிடக்கிறது. யாரும் கழற்றச் சொல்லவில்லை போலிருக்கிறது. இங்கே வருகிறவர்களிடம் மோதிரத்தோடு முடியாது. ஊக்கு, தாயத்து, அரைஞாண்கொடி, கொலுசு, முதுகுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் பேண்டு போட்ட சடை. சடை நுரையீரலின் உச்சியில் விழுந்தால் காசநோய்த் தழும்பு மாதிரியே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். மேலே தூக்கி கொண்டை போட்டால் போயிற்று. தாலி அப்படி இல்லை. கழற்றுங்கள் என்று சட்டமாகச் சொன்னால் படமே வேண்டாம் என்று திரும்பிப் போகிற பெண்கள் உண்டு. தூக்கிப் பல்லில் கவ்விக்கொள்ளச் சொல்வோம், மூச்சை மூக்கால் இழுக்கச் சொல்வோம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. மூத்த டெக்னீஷியன்களிடம் நான் கற்றது, நான் இவர்களுக்குக் கொடுப்பது.

குழந்தை உண்டாகியிருக்கிறதா என்று கேட்பதும் அப்படித்தான். பாடத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி என்று இருக்கும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு மருமகளிடம் அதைக் கேட்டால் "இல்ல" என்று ஒரே பதில்தான் வரும். உடை மாற்றும் தடுப்புக்குள் கூட்டிப்போய், "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சும்மா?" என்று மெதுவாகக் கேட்டால் உண்மை வரும். பையன்கள் இதற்குக் கூச்சப்படுவார்கள். பெண் ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்பேன். கேட்காமல் விடுவது கிடையாது.

நான் தொழில் கற்ற காலத்தில் தப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் ஃபிலிமை டெவலப்பரில் முக்கி, கழுவி, ஃபிக்சரில் போட்டுச் சட்டத்தோடு தூக்கினால், கதிர் அதிகமானால் கறுப்பு, குறைந்தால் வெளுப்பு. சமாதானம் சொல்ல இடமில்லை. திரும்ப எடுத்தால் இன்னொரு ஃபிலிம் செலவு, பதிவேட்டில் கணக்கு, ஸ்டோரில் விளக்கம். தேய்ந்த ஃபிக்சரில் வெள்ளி இருக்கும் என்று அதை வாங்கக்கூட ஆள் வரும். இன்றைய டிஜிட்டல் பலகையில் கதிரை இரண்டு மடங்கு கொடுத்தாலும் கணினி அதைச் சீராக்கி அழகாகக் காட்டிவிடும். குறைவாகக் கொடுத்தால்தான் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி தெரிந்து மாட்டிக்கொள்வோம். ஆகவே எல்லோருடைய கையும் தன்னையறியாமல் கூட்டியே வைக்கும். 'டோஸ் க்ரீப்' என்று உலகம் முழுக்க இதற்குப் பெயர் இருக்கிறது. விளிம்புகளைச் சரியாகக் குறுக்காமல் முழு உடம்புக்கும் கதிர் விட்டு, பிறகு திரையில் ஓரத்தை வெட்டிவிடலாம். சரியில்லாத படத்தை ஒரு தட்டில் அழித்துவிடலாம். நோயாளி வாங்கிய கதிர் மட்டும் அழியாது.

அதனால் படம் திரையில் வந்ததும் நுரையீரலைப் பார்க்காதே, மூலையில் இருக்கும் எண்ணைப் பார் என்று சொல்லித் தருகிறேன். பழைய ஃபியூஜி கருவிகளில் எஸ் எண் குறையக் குறைய நாம் கொடுத்த கதிர் அதிகம் என்று பொருள். வேறு சில நிறுவனங்களின் கருவிகளில் எண் ஏறினால் அதிகம். புதிய கருவிகளில் விலகல் எண் சுழி என்றால் சரி, கூட்டல் மூன்று என்றால் தேவையைப்போல் இரண்டு மடங்கு. இதைப் பார்க்கத் தெரியாமல் பட்டம் வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். வலது, இடது குறிக்கும் ஈய எழுத்தையும் அப்படித்தான். அதைப் பலகையில் ஒட்டிய பிறகே பொத்தானைத் தொட வேண்டும். பிறகு திரையில் எழுதிக்கொள்ளலாம் என்பவர் கையில் ஒருநாள் இதயம் வலப்பக்கம் உள்ள ஒருவர் வந்து நிற்பார். கணினியில் படத்தைத் திருப்பி 'சரி' செய்து அனுப்பிவிடுவார்.

இந்த அறையில் நான் கற்றதில் பெரிது காத்திருப்பது. இரவுப் பணியில் தாங்க முடியாத வயிற்றுவலியோடு ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருவார்கள். குடல் ஓட்டையா என்று பார்க்க வேண்டும். ஓட்டை வழியாக வெளியேறிய காற்று, உடம்பு நிமிர்ந்திருந்தால், மேலே ஏறி உதரவிதானத்துக்கு அடியில் பிறை மாதிரி நிற்கும். ஆனால் ஏறுவதற்கு நேரம் வேண்டும். படுத்திருந்தவரைத் தூக்கி நிறுத்திய கையோடு படம் எடுத்தால் பிறை தெரியாது. 'ஒன்றுமில்லை' என்று சீட்டு போகும். பத்து நிமிடம் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கூட வந்தவர்கள் கத்துவார்கள், வார்டிலிருந்து போன் வரும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார். உட்காரவே முடியாதவர் என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காற்று கல்லீரலின் ஓரத்துக்கு வரும்வரை அப்போதும் பொறுக்க வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணர் கத்தியை எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது இந்தப் பொறுமையை வைத்து. எம்.ஆர்.ஐ. அறையில் இப்படி ஒரு பாடம் கிடைக்குமா என்று பிள்ளைகளைக் கேட்பேன். பதில் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள்.

மூட்டுவலிக்கு எடுக்கும் முழங்கால் படமும் இந்த வகைதான். நின்று எடுத்தால் தேய்ந்த மூட்டின் இடைவெளி சுருங்கித் தெரியும். படுக்க வைத்து எடுத்தால் நன்றாக இருப்பதுபோல் காட்டும். வயதானவர்கள் படுக்கையைத்தான் விரும்புவார்கள். நிற்க வைப்பதற்குக் கைப்பிடி வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை மட்டம் தட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அந்தக் காந்தம் இரவும் பகலும் உயிரோடு இருக்கிறது, சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் இழுபட்டு இறந்துபோனார். வாசலில் நின்று கேள்வி கேட்பவர்தான் அங்கே காவல். லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை செய்தவரா என்று கேட்டு, கண்ணுக்குள் இரும்புத் துகள் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலில் கண்குழியை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தக் கேள்வியை அலுக்காமல் கேட்கும் பழக்கம், கொண்டை போடச் சொல்லியும் ஊக்கைக் கழற்றச் சொல்லியும் பழகிய வாய்க்குத்தான் வரும். சி.டி.யிலும் அப்படியே. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் சுமார் 0.02 மில்லிசீவர்ட், வயிற்று சி.டி. அதைப்போல் சில நூறு மடங்கு. நெஞ்சுப் படத்தில் சிக்கனம் பழகாதவர் அங்கே போய்ப் பழகப் போவதில்லை.

படிப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்திருந்தால் பி.எஸ்.சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி சேரலாம். மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி. இரண்டு வருட டிப்ளமோவும் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில், கேப்டன் பர்னார்டு பெயரில் 1934-இலிருந்து இயங்கும் பர்னார்டு கதிரியல் நிறுவனம் தொடங்கி எங்கள் மூத்தவர்கள் பலர் அந்தச் சிறிய படிப்புகளில் வந்தவர்கள்தான். படிப்பின் நீளத்தை வைத்து நான் ஆளை எடைபோடுவதில்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. வேடிக்கை, ஃபிலிம் போன பிறகும் 'டார்க் ரூம் அசிஸ்டென்ட்' என்ற பதவிக்கு அறிவிப்பு வந்தது. ஆறே மாதத்தில் வேலை என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக்குத் தனிப் படிப்பு இருக்கிறது. அதில் கணக்குத் துல்லியமும் மனத் தைரியமும் ஒன்றாக வேண்டும். கருவி நிறுவனங்களில் பயிற்சியாளராகப் போகிறவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களை நான் தடுப்பதில்லை. பிரிட்டனில் தேர்ச்சி பெற்ற ரேடியோகிராஃபர் எலும்புப் படங்களுக்கு அறிக்கையே எழுதுகிறார். அங்கெல்லாம் அல்ட்ராசவுண்டும் டெக்னீஷியன் கையில் இருக்கிறது. நம் நாட்டில் 1994-ஆம் வருடச் சட்டம், பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அந்தக் கருவியை மருத்துவர் கையில் மட்டும் வைத்திருக்கிறது. காரணம் நியாயமானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே படித்துவிட்டு அங்கே போகும் பிள்ளைக்கு அந்த ஒரு கை குறைவாகவே இருக்கும். 2021-இல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் எங்கள் தொழிலுக்கும் ஒரு பதிவேட்டைத் தருகிறது. பதிவு வந்தால் சுவரொட்டிக் கல்லூரிகள் குறையும் என்று நம்புகிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசியையும் பார்த்து ஏமாற வேண்டாம். கூடவே மருத்துவமனை இருக்கிறதா, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், இரண்டாம் வருட மாணவர் நோயாளியைத் தொட்டு நிறுத்த விடுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் படிக்கிற பிள்ளைகளின் சட்டையைப் பாருங்கள். நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, வாங்கிய கதிரை அளந்து கணக்கு வர வேண்டும். இந்தியாவில் பணியாளருக்கு வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்பது எல்லை, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், அல்லது மாணவர்களுக்குத் தருவதில்லை என்றால், சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டாமல் அடுத்த ஊர்க் கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.