குறி தப்பியது என்று எழுதினேன்

அன்று இரவு நான் சுட்ட குண்டு பன்றியின் மேல் பட்டது. படவில்லை என்று சொன்னேன். மற்றதெல்லாம் இந்தப் பொய்யிலிருந்து வந்தது.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி இருக்கிறது. மாநிலம் கேரளம், பேச்சு தமிழ். கடலைக்காடும் தென்னந்தோப்பும்தான் பிழைப்பு. 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்கள் ஆக்கியது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அவர்கள் உத்தரவு போடலாம். சுடுகிறவரிடம் துப்பாக்கி உரிமம் இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும். மனிதருக்கும் கால்நடைக்கும் சேதம் வரக்கூடாது என்றும் அந்த அரசாணையில் இருக்கிறது. நான் அதைப் படித்திருந்தேன்.

என்னிடம் இருந்தது அப்பா காலத்து இஷாப்பூர் .315 ரைஃபிள். மற்றவர்கள் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு வருவார்கள். ரைஃபிள்காரன் என்பதிலேயே எனக்கு ஒரு மிதப்பு. 'அண்ணனுக்கு ஒரு குண்டு போதும்' என்று பையன்கள் சொல்வார்கள். நான் மறுத்ததே இல்லை.

அந்தப் பன்றி ஒற்றை. நூறு கிலோவுக்குக் குறையாது. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். இது அந்த மூக்கை மட்டுமே நம்பி வயதானது. வேலியோரம் வந்து அரைமணி நேரம் அசையாமல் நிற்கும். காட்டைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகளை அது சட்டை செய்யவில்லை. டார்ச் அடித்தால் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கமே வராது. வேறு இருவர் அதற்காகக் காத்திருந்து ஏமாந்திருந்தார்கள். நான் அதைச் சுட வேண்டும் என்று நினைத்ததற்குக் கடலை பாதிக் காரணம். அந்த இருவர் மீதிக் காரணம்.

ஆவணி மாதம். கணவாய் வழியாக மேல்காற்று விடாமல் அடித்தது. பன்றி கிழக்கே ஓடையிலிருந்து, காற்றுக்கு முகம் கொடுத்தபடி வரும். என் வாடை அதன் தடத்தில் விழாமல் இருக்க வடகிழக்கு மூலையில் பரண் கட்டினேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. அது காட்டுக்குள் இறங்கிவிட்டால் எனக்குப் பின்பக்கம்தான் தெரியும். திரும்பி விலா காட்டும்வரை பொறுக்க வேண்டும். பன்றியின் இதயம் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. பின்னாலிருந்து சாய்வாகச் சுட்டால் குண்டு முதலில் வயிற்றில்தான் இறங்கும்.

எனக்கு இது தெரியும். தெரிந்தே சுட்டேன். பையன்கள் சாளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்றி தலையைத் தூக்கியது. போய்விடும் என்று தோன்றியது. 'அண்ணனும் விட்டுட்டாரு' என்ற பேச்சு காதில் விழுந்தாற்போல் இருந்தது. விசையை இழுத்துவிட்டேன்.

குண்டு பட்டால் ஓசை தனி. ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல் கேட்கும். கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கடலை இலையில் ரத்தம், அதோடு பச்சையாகக் கூழ், சாண நாற்றம். வயிற்றில் பட்ட பன்றி உடனே சாகாது. பக்கத்துப் புதரில் படுத்துக் கிடக்கும். யார் கிட்டே போனாலும் எழுந்து வரும்.

இரவில் பின்தொடராதது தவறில்லை. விரட்டினால் இன்னும் தூரம் போகும். விடியவிட்டு, ஆளும் நாயுமாகப் போவதுதான் முறை. ஆனால் அதற்குள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஓடைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், காலையில் ஓடை நாணலுக்குள் முதல் ஆளாக நான் நடக்க வேண்டும். பயந்தேன். வயிற்றில் சுட்டவன் என்ற பெயருக்கும் பயந்தேன். குறி தப்புவது எவருக்கும் நடக்கும். அதில் அவமானம் குறைவு.

மெம்பர் போனில் கேட்டார். 'தப்பிருச்சுங்க' என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். பயத்தில் வாயடைத்துப் போனவன் என்று நீங்கள் என்மேல் இரக்கப்படக் கூடாது. ஆகவே இதையும் சொல்கிறேன். பையன்கள் வருவதற்குள் ரத்தம் பட்ட செடிகளைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

வெடியால திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அரிவாளும் சாக்குமாக வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. தெருக்கோடி வீடு. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர். 'பன்னி தப்பிருச்சாமா தம்பி?' என்றார். 'ஆமாங்கக்கா' என்றேன். புல்லறுக்க ஓடைப் பக்கம் நடந்தார். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்நேரம் செத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார்.

பன்றி கீழிருந்து மேலாகத் தலையை வீசும். கோரைப்பல் தொடையை எலும்புவரை கிழித்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தார். நரம்பு அறுந்ததால் இடது பாதம் தூக்க வராது. இழுத்து இழுத்து நடக்கிறார். மாடுகளை விற்றாயிற்று. மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள்.

பன்றி மூன்றாம் நாள் நாணலுக்குள் செத்துக் கிடந்தது. புதைக்க வந்தவர்களில் ஒருவர் வயிற்றில் இருந்த துளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார்கள்.

ஊரே பன்றியைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பன்றியை அழிக்கத்தக்க விலங்காக அறிவிக்க மத்திய அரசு மறுக்கிறது என்று ஒரு கண்டனக் கூட்டம் நடந்தது. அதில் அக்காவின் பெயரைச் சொல்லிப் பேசினேன். கை தட்டினார்கள். நான் செய்ததில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால், பரணில் செய்ததைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

இதை எழுதும் முன் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'நான் போறதப் பாத்துட்டேதான இருந்த?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'அப்பறம் இப்ப எதுக்குச் சொல்ற?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். அன்றைய அறிக்கை பொய் என்று பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுடுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அக்காவின் இழப்பீட்டுக் கோப்பில் மட்டும் இன்னும் 'காட்டுப்பன்றித் தாக்குதல்' என்றே இருக்கிறது.