துப்பாக்கிகள் நின்ற கரையில் சைக்கிள்கள்

ஜனவரி மாதத்தில் பரத்பூரில் பனிமூட்டம் சாமானியமாக விலகுவதில்லை. சில நாட்களில் சூரியன் தலைகாட்ட ஒன்பது, பத்து மணிகூட ஆகிவிடும். ஆனால் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் அதற்கு வெகு முன்பே வாடகை சைக்கிளுக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மஃப்ளர், குரங்குக் குல்லா, கழுத்தில் தொங்கும் பைனாகுலர். விவரம் தெரிந்தவர்கள் சைக்கிளின் பிரேக்கைத்தான் சோதிப்பார்கள். பெல் அடிக்கிறதா என்று பார்ப்பதில்லை. உள்ளே அதற்கு வேலை கிடையாது.

ராஜஸ்தானின் கிழக்கு ஓரத்தில், ஆக்ராவிலிருந்து சுமார் 55 கி.மீ. தூரத்தில் இருக்கிறது இந்தப் பூங்கா. பரப்பு 29 சதுர கி.மீ.தான். மற்ற சரணாலயங்களில் ஜீப்பில் ஏறி, புழுதி பறக்க ஓடி, புலி தெரிந்ததா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இங்கே சுற்றுலாப் பயணிகளின் கார்கள் உள்ளே போக முடியாது. நடக்கலாம், ரிக்ஷாவில் போகலாம், சைக்கிள் மிதிக்கலாம். வாசலிலிருந்து கேவலாதேவ் சிவன் கோயில்வரை ஏறக்குறைய ஐந்து கி.மீ. நேரான தார்ச்சாலை. இருபுறமும் கருவேல மரங்கள், அவற்றுக்கு அப்பால் தண்ணீர். மேடு பள்ளம் கிடையாது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கூட சமாளித்துவிடலாம்.

பறவைகளுக்குச் சைக்கிள் பழகிவிட்டது. கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா, கரையோர மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பத்தடி தூரத்தில் சைக்கிள் கடந்தாலும் அசையாது. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீலத்தாழைக்கோழி எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். மழைக்காலத்தில் மரம் கொள்ளாமல் கூடு கட்டிய மஞ்சள் மூக்கு நாரைகளின் குஞ்சுகள், குளிர்காலத்தில் பெற்றோர் உயரத்துக்கு வளர்ந்து நின்றாலும் நிறம் மட்டும் மங்கலாகவே இருக்கும். தொலைவில் நீல்காய் ஒன்று இடுப்பளவு நீரில் நின்று பாசி மேயும்.

சாலையை விட்டுக் கரைகளில் இறங்கினால் வேறு உலகம். ரிக்ஷா வர முடியாத மண் பாதைகள் அவை. சில இடங்களில் முள் கிளைகளுக்குக் குனிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளும்போது ஃப்ரீவீல் போடும் டிக்-டிக் சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும்; அனுபவசாலிகள் அதற்கும் கூச்சப்படுவார்கள். ஊசிவால் வாத்துகளும் ஆண்டி வாத்துகளும் நூற்றுக்கணக்கில் மிதக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் இங்கே உண்டு. திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு வருவதும் இதே இனம்தான். வெயில் ஏறியபின் முள்ளம்பன்றி வளைகளின் வாயில் மலைப்பாம்புகள் குளிர் காய்கின்றன. அங்கே மட்டும் சைக்கிளை விட்டு இறங்காமலிருப்பது பாம்புக்கும் நல்லது, பார்ப்பவருக்கும் நல்லது.

தனியே மிதிப்பவர் தவறவிடுவதை ரிக்ஷா ஓட்டுநர்கள் காட்டிக்கொடுப்பார்கள். பூங்காவின் அனுமதி பெற்ற இவர்களில் பலர் ஆண்டுக்கணக்காகப் பறவைகளைப் பார்த்தே கற்றவர்கள். மரப்பட்டை நிறத்தில், மரப்பொந்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப் புதியவர் பைனாகுலர் வைத்தும் கண்டுபிடிக்க மாட்டார். ரிக்ஷாக்காரர் மிதிப்பதை நிறுத்தாமலே விரலை நீட்டுவார். இந்தி மட்டும் பேசுகிறவர்கூடப் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைத் தடங்கலின்றிச் சொல்வார். இப்போது பேட்டரி ரிக்ஷாக்களும் வந்துவிட்டன. கால்களுக்கு ஓய்வுதான். வேகம் கூடினால் ஆந்தை தப்பித்துவிடும் என்பதும் உண்மை.

சைக்கிள்கள் உருளும் இந்தக் கரைகள் பறவைகளைப் பாதுகாக்கப் போடப்பட்டவை அல்ல. பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்காகப் பள்ளமான நிலத்தில் கரைகளும் மதகுகளும் அமைத்து, அஜான் அணைக்கட்டிலிருந்து நீரைத் திருப்பினார்கள். முறையான வேட்டை 1902ல் ஆரம்பித்தது. வேட்டைக்கு வந்த பிரமுகர்களின் பெயர்களும் சுட்ட கணக்கும் கோயிலருகே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1938 நவம்பர் 12ம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இதைப் படிப்பவர்கள் எண்ணைச் சரியாகத்தான் படித்தோமா என்று இன்னொரு முறை பார்க்கிறார்கள்.

1956ல் இது சரணாலயமானது. மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972வரை நீடித்தது. 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா. 1985ல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாப்பும் ரத்தம் சிந்தாமல் வரவில்லை. 1982 நவம்பரில் எருமை மேய்ச்சலைத் தடை செய்தபோது கிராமத்தினர் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு நடந்ததுதான் வினோதம். எருமைகள் இல்லாததால் நீரில் புல் மண்டி, வாத்துகள் இறங்க இடமில்லாமல் போனது. எருமைகள் மேய்ந்தது ஈரநிலத்துக்கு உதவியாகவே இருந்தது என்பது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வில் தெரியவந்தது. புல் வெட்ட கிராமத்தினர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். போன உயிர்களுக்கு அது எந்த வகையில் ஆறுதல் என்பது வேறு விஷயம்.

இன்றைய கவலை தண்ணீர். பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கோடி கன அடி தேவை. நீர் தந்துகொண்டிருந்த கம்பீர் நதியின் குறுக்கே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்தது. 2004ல் அங்குள்ள விவசாயிகளின் எதிர்ப்பால் பூங்காவுக்குப் பெயரளவுக்கே தண்ணீர் கிடைத்தது. தங்கள் வயல் காயும்போது வாத்துக்கு எதற்கு நீர் என்ற அவர்கள் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏரி காய்ந்தால் பறவை இல்லை, பறவை இல்லாவிட்டால் ரிக்ஷாவில் ஏற ஆளில்லை. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டு வெள்ள நீரையும், சம்பல் நீரையும் கொண்டுவந்தார்கள். வறண்ட பகுதிகளில் நுழைந்துகொண்டது தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி: சீமைக் கருவேலம்.

திரும்பி வராதது சைபீரியக் கொக்கு. மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் தூய வெள்ளைப் பறவை. முகம் மட்டும் சிவப்பு. இதைக் காணவே ஒரு காலத்தில் உலகெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். 1960களில் 200 வந்த இடத்தில் ஆண்டுக்காண்டு எண்ணிக்கை சுருங்கியது. வரும் வழியில் வேட்டைக்காரர்கள் காத்திருந்தார்கள். 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை.

ஆழம் குறைந்த நீரில் கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்று அவை நின்ற சதுப்புகள் அப்படியே இருக்கின்றன. பழைய ரிக்ஷாக்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, இங்கேதான் என்று கை காட்டுகிறார்கள். பல நாட்களில் அங்கே சாரஸ் கொக்கு ஜோடி ஒன்று நிற்கிறது. சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் இருட்டுமுன் சைக்கிளை வாசலில் திருப்பித் தந்தாக வேண்டும்.