மாங்காய்ப் பால்

சின்ன வயதுக் குறும்பை ஒரு செண்டாகச் செய்ய வேண்டும், முகர்ந்தால் சிரிப்பு வர வேண்டும் என்று பிரான்சில் நான் வேலை பார்க்கும் செண்டுக் கூடத்தில் பேச்சு எழுந்தது. ஆளாளுக்குச் சூயிங்கம், க்ரேயான், பஞ்சுமிட்டாய் என்றார்கள். எல்லாமே காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரம். குறும்புக்கு அதில் என்ன வேலை? மாங்காய்த் திருட்டு என்றேன். அதைச் சாக்காக வைத்துத்தான் இத்தனை காலம் கழித்து, சின்ன வயதில் மாங்காய் திருடிய பெரியகுளத்துக்கு வந்து சேர்ந்தேன்.

செண்டுக்காரர்களுக்கு மாங்காய் புதிதல்ல. கிராஸ் நகரில் பிறந்த ழான்-க்ளோத் எலெனா, எகிப்தின் அஸ்வானில் நைல் கரை மாமரங்களில் தொங்கிய காய்களின் மணத்தைப் பிடித்துக்கொண்டு, 2005-இல் எர்மேஸ் நிறுவனத்துக்காக 'அன் ழார்தேன் சூர் லெ நில்' செய்தார். அருமையான சரக்கு. ஆனால் அது மர நிழலில் நின்று ரசிக்கிற பெரிய மனிதரின் மாங்காய். சுவரேறிக் குதித்தவனின் மாங்காய் வேறு.

பக்குவம் தெரிந்தவர்கள் கொஞ்சம் காம்பு விட்டு அறுத்து, காயைக் கவிழ்த்துப் பாலை வடியவிடுவார்கள். திருடுகிற பையனுக்கு அதற்கெல்லாம் நேரமேது? திருகி இழுப்பான். காம்பு முறிந்த இடத்தில் பால் பீச்சும். டர்பன்டைன் நெடி சுள்ளென்று ஏறும். நெடிக்குக் காரணம் டெர்பீன்கள். பைன் மரத் தைலத்தில் இருக்கிற கேரீன்தான் பல மாங்காய் வகைகளிலும் இருக்கிறது. பால் பட்ட உதட்டோரம் கொப்புளம், சட்டையில் என்ன தேய்த்தாலும் போகாத கறை. வீட்டில் விசாரணையே கிடையாது. முகத்தைப் பார்த்ததும் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள்.

அன்று நான் தோப்புச் சுவரேறக் குனிந்து முதுகு கொடுத்தவன் இன்று அதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு, வாசலில் நாய். "பயலுக விடமாட்டேங்கிறாய்ங்க மாப்ள" என்று அலுத்துக்கொண்டான். எனக்கென்னவோ நிம்மதியாக இருந்தது. கிளிமூக்கு மரத்தில் ஒரு காயைக் காம்பை ஒட்டித் திருகினேன். முதலில் டர்பன்டைன், பின்னாலேயே புளிப்பு, அடியில் கேரட் தழையைக் கசக்கினாற்போல ஒரு பச்சை வாசம். "வெவரங்கெட்டவனே, கண்ணுல தெறிச்சா என்னாகும்?" என்று கத்தினான். அந்தக் காலத்துக் காவல்காரத் தாத்தாவின் ஏச்சு அப்படியே அவன் வாயில்!

செண்டில் முதலில் கேரீன். லேசானது, சீக்கிரம் பறந்துவிடும். திருடன் ஓடுகிற வேகத்துக்கு அதுவும் பொருத்தம்தான். அது போனதும், டவுசர் பையில் மடித்து வைத்த உப்பு மிளகாய்ப்பொடிக்காக மிளகு எண்ணெய். குதித்து விழுந்த மண்ணின் வாசத்துக்கு ஜியோஸ்மின், அதுவும் துளியிலும் துளி. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அடியில் வெட்டிவேர். பழவாசனையும் வெனிலாவும் சேர்த்தால் நன்றாக விற்கும் என்பார்கள். சேர்ப்பதாக இல்லை.

உங்கள் பக்கம் மாமரம் இருந்தால், பங்குனி சித்திரையில் ஒரு காயைத் திருகி முகர்ந்து பாருங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பால் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். பெரியகுளத்துத் தோப்பில் மட்டும் வேண்டாம், நாய் கடிக்கும்.