சுவரைத் தாண்டாத கூரை

சிட்னியின் வடமேற்கே மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில், மெல்பர்னின் மேற்கே டார்னீட் என்று நம்மவர்கள் மனை வாங்கிக் குடியேறும் புதிய பகுதிகளில் பல வீடுகளுக்கு இறவாணமே கிடையாது. கூரை சுவர் முடிகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. தெருவுக்குக் காட்ட முகப்பில் மட்டும் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள்; பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் மழைநீர்த் தகரம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு மேலே ஊரில் நாம் சன்ஷேடு என்று போடுகிற பலகைகூட இல்லை. இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம் என்பவர்கள் உண்டு. இது கட்டுமானப் பிழை என்பது என் கட்சி.

கணக்கைப் பார்த்தாலே தெரியும். தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். சிட்னியில் டிசம்பர் கடைசியில் அது ஏறத்தாழ 79 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது. ஜூன் கடைசியில் 33 டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே வடக்குச் சுவருக்கு மேல் கூரை 60 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், கோடை நண்பகலில் அதன் நிழல் மூன்று மீட்டருக்கு மேல் இறங்கி ஒரு மாடிச் சுவர் முழுவதையும் மறைக்கும். அதே கூரை குளிர்காலத்தில் 40 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நிழல் தரும். வெயில் தாராளமாக வீட்டுக்குள் வந்து தரையைச் சூடாக்கும். மெல்பர்னில் சூரியன் இன்னும் சற்றுத் தாழ்வாக நிற்பதால் கோடை நிழல் இரண்டே கால் மீட்டர் போல இருக்கும். அதுவும் ஜன்னலுக்குப் போதும். மின்சாரம் வேண்டாம், பழுதுபார்க்க ஆள் வேண்டாம், எப்போது வெயிலை விட வேண்டும் எப்போது தடுக்க வேண்டும் என்பது அந்த நீட்டத்துக்கே தெரியும். 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி கொதித்த பென்ரித் அடங்கிய மேற்குச் சிட்னியிலா இதை வேண்டாம் என்று வெட்டுவது?

சுவருக்கு வெளியே நீளும் விளிம்பைத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் எவ்வளவு பெரிய காரியமாக நினைத்தார்கள் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் சாட்சி. அங்கே மண்டபத்தின் கொடுங்கை எனும் அந்த விளிம்பு முழுக்கக் கருங்கல். ஆனால் அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையின் அடிப்பக்கம்தான் தெரியும்: வரிசையாக இறங்கும் கைமரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களை இறுக்கும் ஆணிகளின் கொண்டைகள், எல்லாம் கல்லிலேயே. கற்பலகைகளோ வெளிவிளிம்புக்கு வர வர மெலிந்துகொண்டே போகின்றன. கல் பாரத்தைத் தாங்கும். அந்தரத்தில் நீட்டினால் ஒடியும். உள்பக்கம் பாரம் ஏற்றி அழுத்தினால்தான் வெளிப்பக்கம் நிற்கும். இவ்வளவு சிரமமான இடத்தில்தான் தங்கள் வித்தை முழுவதையும் அவர்கள் இறைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதிய ஸ்தபதிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலத்துத் தூண், திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக வேறு எது கேட்டாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். கோபுரத்தின் உயரம் அவர்களை மிரட்டவில்லை. மழையையும் வெயிலையும் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் அந்த விளிம்பு மிரட்டியது.

ஆஸ்திரேலியாவுக்கும் இந்த அறிவு புதிதல்ல. சிட்னியைச் சுற்றியுள்ள மணற்பாறைகள் அடிப்பக்கம் அரிக்கப்பட்டு மேல்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவற்றின் அடியில் தங்கினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கைத் தடங்கள் இன்றும் அழியாமல் இருப்பதற்கு மேலே நீண்ட பாறை மழையைத் தடுத்ததும் ஒரு காரணம். நம்மவர் நிறைந்த ஹாரிஸ் பார்க்குக்குப் பக்கத்திலேயே 1793-இல் கட்டத் தொடங்கிய எலிசபெத் ஃபார்ம் என்ற வீடு இருக்கிறது. குளிர்தேசத்திலிருந்து வந்தவர்கள்கூட அதன் கூரையை இறக்கி நீட்டி, இந்தியாவிலிருந்து போன வராந்தாவையும் வைத்துக்கொண்டார்கள்.

மனை சிறுத்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், 300 சதுர மீட்டரில் அறைகளை விரிக்கும்போது எல்லை வேலி வரை சுவர் போய்விடுகிறது. அப்படியானால் அறையில் அரை மீட்டரை விட்டுக்கொடுப்பதே சரி. வெந்துபோகும் அறை பெரிதாக இருந்து என்ன பயன்? கிழக்கு, மேற்குச் சுவர்களில் சாய்ந்து வரும் வெயிலை இறவாணம் தடுக்காது என்பது இன்னொரு வாதம். இதையும் ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பக்கங்களுக்கு மரமோ வெளித் திரையோதான் வேண்டும். அதற்காக வடக்குப் பக்கத்தையும் ஏன் மொட்டையாக விட வேண்டும்? காட்டுத்தீயின் கங்குகள் இறவாணத்துக்குள் புகும் என்ற அச்சம் நியாயமானது. தீ அபாயப் பகுதிகளில் அடிப்பக்கத்தை இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். அதற்கான வழி தெரிந்ததுதான். ஏசி இருக்கிறதே என்ற பதிலைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. சுட்டெரிக்கும் நாளில் ஊரே ஒரே நேரத்தில் அதைப் போடும்போது மின்சாரம் நின்றால், மிஞ்சுவது சுவரும் கூரையும்தான்.

வீடு கட்டக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் அதற்கு முன் வரைபடத்தில் வடக்கு எது என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கூரை எவ்வளவு நீள்கிறது என்று கேளுங்கள். 60 சென்டிமீட்டர் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். கட்டி முடித்த கூரையை நீட்டுவது மிகுந்த செலவு.