கல்வராயன் மலைக்குக் கட்டுச்சோறு மட்டும் போதுமா?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன் நம்மை வரவேற்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பூமி இது. வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களும், மேகம், பெரியார் எனப் பெயர் பெற்ற அருவிகளும் படைத்தவனின் வல்லமையைப் பறைசாற்றுகின்றன.

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு இத்தகைய மலைகளுக்குச் செல்வோர் பலர். வேனில் பிரியாணி தேக்சா ஏறுகிறது, பாய் ஏறுகிறது. ஆனால் ஒரு டார்ச் லைட் ஏறுவதில்லை. கேட்டால், "அல்லாஹ் இருக்கிறான்" என்கிறோம்.

யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், தவக்குல் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு புறப்பட்டு, பின்னர் மக்களிடம் கையேந்தினர். அதையொட்டியே பயணத்துக்கு வேண்டியதை எடுத்துச் செல்லுமாறு பகரா அத்தியாயத்தில் கட்டளை இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. முன்னேற்பாடு நம்பிக்கைக்கு முரணன்று. அதன் ஒரு பகுதியே ஆகும்.

அப்படியாயின் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்?

முதலாவது தண்ணீர். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கிடுங்கள். நான்கு மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர். இரண்டு மூன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும். இருக்கும் நீர் குடிப்பதற்கே தேவைப்படும் நிலையில், உளூவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்துகொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. குழந்தையின் தாகத்தை மறந்து நீரைச் செலவிட்டுவிடாதீர்கள்.

அடுத்து டார்ச் லைட், விசில், காயத்துக்கான மருந்து, பஞ்சு, கட்டுத்துணி, சுளுக்குக்குச் சுற்றும் பேண்டேஜ், வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள். மலையில் சில இடங்களில் கைப்பேசி பேசாது, விசில் பேசும். பிடிப்புள்ள காலணி அவசியம். சகோதரிகளின் புர்கா, பாறையில் ஏறும்போது காலில் சிக்காத நீளத்தில் இருக்கட்டும்.

பாம்பு தீண்டினால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். தீண்டிய உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

அருவிக்கரையில் வெயில் காய்ந்தாலும், மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாய் இறங்கக்கூடும். நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வரக் கண்டால், உடைமைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மலைமக்கள் "இறங்காதீர்கள்" என்று தடுத்தால் வாதாடாதீர்கள். அந்த ஓடையை அறிந்தவர்கள் அவர்களே.

காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி தேவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்திற்குப் பின், தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே விதிமுறைகளை வகுத்தது. நெருப்பு மூட்டிச் சமைக்கும் ஆசையைக் காட்டெல்லைக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்தச் சுன்னத்தை இங்கே உயிர்ப்பியுங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலைகளை எண்ணுவது அவர் பொறுப்பு. திரும்பலாம் என்று அவர் சொன்னால் அனைவரும் திரும்ப வேண்டும். எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலிருப்பவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

பஜ்ரு தொழுது புறப்படுங்கள். அஸர் தொழும்போது காட்டுப்பாதையை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்திருங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

இத்தனையும் ஒரு தோள்பையில் அடங்கும். அவற்றில் பல பயன்படாமலே வீடு திரும்பலாம். அதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். சென்ற அனைவரும் சென்றவாறே திரும்ப வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.